போர் முடிந்ததும் கூட்டணியை என்ன செய்வது? 1945-இல் இருந்த நான்கு வழிகள்

1943 கோடைக்குள் இரண்டாம் உலகப் போர் எந்தப் பக்கம் சாயும் என்பது ஓரளவு தெரிந்துவிட்டது. ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியப் படை சரணடைந்திருந்தது. வட ஆப்பிரிக்கா நேச நாடுகளின் கைக்கு வந்துவிட்டது. இத்தாலி ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. அப்போது வாஷிங்டன், லண்டன், மாஸ்கோ மூன்று இடங்களிலும் வேறொரு கேள்வி எழ ஆரம்பித்தது. ஜெயித்த பிறகு இந்தக் கூட்டணியை என்ன செய்வது? கலைத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா? வைத்துக்கொண்டால் எந்த வடிவத்தில்?

அதற்குக் கிடைத்த விடைதான் இன்றைய ஐ.நா. ஆனால் அந்த விடை முன்கூட்டியே எழுதி வைத்ததல்ல. குறைந்தது நான்கு வழிகள் மேசையில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கெட்டிக்காரர்கள் நின்றார்கள். பாதுகாப்பு கவுன்சிலைத் திருத்த வேண்டும் என்று இன்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றைத்தான் வேறு பெயரில் கேட்கிறார்கள் என்பதால், அவற்றை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

முதலில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் பாசத்தால் சேர்ந்தவர்கள் இல்லை. ரஷ்யப் புரட்சியை முளையிலேயே நசுக்க 1919-இல் படை அனுப்பச் சொன்னவர் சர்ச்சில். சோவியத் ஆட்சியை அமெரிக்கா அங்கீகரித்ததே 1933-இல்தான். 1939 ஆகஸ்டில் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டவர் ஸ்டாலின். இவர்களைச் சேர்த்து வைத்தது ஹிட்லர். ஹிட்லர் போய்விட்டால் சேர்ந்திருக்க என்ன காரணம் மிச்சம் இருக்கும் என்று மூவருமே யோசித்தார்கள்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று கேள்விகளுக்கு அது பதில் சொல்ல வேண்டியிருந்தது. படை வைத்திருப்பவர்கள் உள்ளேயே இருப்பார்களா? ஆக்கிரமிப்பு நடந்தால் எதையாவது செய்ய முடியுமா? சிறிய நாடுகளால் அதோடு வாழ முடியுமா? இந்த மூன்றும் சம எடை கொண்டவை என்று நான் நினைக்கவில்லை. முதல் கேள்வியில் தோற்ற அமைப்புக்கு மற்ற இரண்டிலும் கிடைக்கும் மதிப்பெண் வீண். அதற்குச் சாட்சி, அன்றைய முதல் வழியாக இருந்த, முதல் உலகப் போருக்குப் பின் நாடுகள் சேர்ந்து அமைத்த பழைய பன்னாட்டுச் சங்கமே (லீக் ஆஃப் நேஷன்ஸ்).

ஜெனிவாவில் இருந்த அந்தச் சங்கத்தைப் பழுது பார்த்துத் தொடர்வது என்பது காகிதத்தில் நேர்மையான யோசனை. அங்கே முக்கியமான முடிவுகளுக்கு ஒருமித்த சம்மதம் வேண்டும். அதாவது எல்லோருக்கும் தடுக்கும் உரிமை இருந்தது. ஆனால் நடந்தது என்ன? சீனாவின் மஞ்சூரியாவை ஜப்பான் பிடித்தபோது 1933 பிப்ரவரியில் சங்கத்தின் பேரவை 42-க்கு 1 என்ற கணக்கில் கண்டித்தது. ஜப்பானியத் தூதர் மட்சுவோகா எழுந்து வெளியே நடந்தார், ஜப்பான் சங்கத்தையே விட்டுப் போனது. அதே ஆண்டு ஜெர்மனி போனது. எத்தியோப்பியாவைத் தாக்கிப் பிடித்த விவகாரத்துக்குப் பிறகு 1937-இல் இத்தாலியும் போனது. இத்தாலி மீது தடை விதித்தார்கள், எண்ணெயை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை. டாங்கிக்கு வேண்டியது எண்ணெய்தானே! அமெரிக்காவோ செனட் சம்மதிக்காததால் உள்ளே வரவே இல்லை. 1939 டிசம்பரில், பின்லாந்தைத் தாக்கியதற்காக சோவியத் யூனியனை வெளியேற்றினார்கள். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் சங்கம் யாரையும் அப்படி வெளியேற்றியதில்லை.

அந்த வெளியேற்றத்தை ஸ்டாலின் மறக்கவில்லை. 1945 பிப்ரவரியில் மூன்று தலைவர்களும் கூடிய யால்டா மாநாட்டில், புதிய அமைப்பின் வாக்களிப்பு முறை பற்றிப் பேசும்போது அதை எடுத்துப் போட்டார். இனி நம்மை இப்படிச் செய்ய மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். ஆகவே பழைய சங்கத்தைத் தொடரும் யோசனை மாஸ்கோவில் எடுபட வாய்ப்பே இல்லை. அமெரிக்க செனட்டிலும் அந்தப் பெயருக்கு மதிப்பில்லை. இந்த வழியை இதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

இரண்டாவது வழி ரூஸ்வெல்ட்டுடையது. 'நான்கு போலீஸ்காரர்கள்' என்று அதைச் சொல்வார்கள். 1942-இல் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவ் ரகசியமாக வாஷிங்டன் வந்தபோதே அவரிடம் ரூஸ்வெல்ட் இதை விளக்கிவிட்டார். அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன், சீனா நான்கும் மட்டும் ஆயுதம் வைத்திருக்கும், மற்ற நாடுகள் ஆயுதத்தைக் கீழே போட வேண்டும், யாராவது மீறினால் நால்வரும் சேர்ந்து அடிப்பார்கள். 1943 நவம்பர் இறுதியில் டெஹ்ரானில் ஒரு தாளில் மூன்று வட்டங்கள் போட்டார். ஒன்றில் நாற்பது நாடுகள், ஒன்றில் செயற்குழு, மூன்றாவதில் நான்கு போலீஸ். பேசட்டும் என்று ஒரு வட்டம், அடிக்கட்டும் என்று ஒரு வட்டம்.

இதில் ஒரு முரட்டு நேர்மை இருந்தது என்பதை மறுக்க முடியாது. அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கேயே பொறுப்பையும் வைக்கிறது. முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் நல்ல பதில். மூன்றாவதுக்குப் பதிலே இல்லை. அதைவிடச் சுவாரசியமானது, போலீஸ்காரர்களே ஒருவரையொருவர் நம்பவில்லை என்பது. சீனாவை அந்தப் பட்டியலில் பார்த்து ஸ்டாலின் புருவம் உயர்த்தினார். ஐரோப்பியப் பிரச்சினையில் சீனா தலையிடுவதை எந்த ஐரோப்பிய நாடு ஏற்கும் என்று கேட்டார். சர்ச்சிலுக்கோ சீனா என்பது அமெரிக்காவின் இன்னொரு ஓட்டு. இதற்கெல்லாம் மேலாக, ஐரோப்பாவில் சண்டை வந்தால் அமெரிக்கா கப்பலும் விமானமும் அனுப்பும், தரைப்படையை பிரிட்டனும் ரஷ்யாவும்தான் தர வேண்டியிருக்கும் என்று ரூஸ்வெல்ட் டெஹ்ரானிலேயே சொல்லிவிட்டார். ரோந்துக்கு வருவேன், ஆனால் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்கிற போலீஸ்காரரை வைத்து என்ன செய்வது?

அப்புறம் இன்னொன்று. நான்கு போலீஸ்காரர்களில் ஒருவரே திருடினால் யார் பிடிப்பது? இதற்கு ரூஸ்வெல்ட்டிடம் பதில் இருந்ததாகத் தெரியவில்லை. நால்வரும் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று நம்புவதே அவருடைய பதில்.

மூன்றாவது வழி சர்ச்சிலின் வட்டார மன்றங்கள். 1943 மார்ச் 21-ஆம் தேதி வானொலியில் பேசும்போது ஐரோப்பாவுக்கு ஒரு கவுன்சில், ஆசியாவுக்கு ஒரு கவுன்சில் என்றார். இரண்டு மாதம் கழித்து வாஷிங்டன் போனபோது அதை விரித்து, மேலே ஓர் உலக மன்றம், அதன் கீழே ஐரோப்பா, அமெரிக்கக் கண்டங்கள், பசிபிக் என மூன்று மன்றங்கள் என்று விளக்கினார். பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரன்தான் வாளியோடு ஓடி வருவான் என்பது இதன் தர்க்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சர்ச்சிலுக்கு இதில் சொந்தக் கணக்கும் உண்டு. ஐரோப்பிய மன்றத்தில் பிரான்ஸையும் எழுப்பி நிறுத்தினால், ரஷ்யாவுக்கு எதிரே பிரிட்டன் தனியாக நிற்க வேண்டியதில்லை.

இதை முறியடித்தவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல். வட்டாரம் வட்டாரமாகப் பிரித்தால், நம் கண்டத்தை நாம் பார்த்துக்கொள்வோம், ஐரோப்பா எக்கேடாவது கெட்டுப் போகட்டும் என்று அமெரிக்கப் பொதுமக்கள் மறுபடியும் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பது அவர் பயம். அந்தப் பயம் சரியானது என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு வட்டாரத்திலும் பலமுள்ளவன் நாட்டாமை ஆகிவிடுவான் என்பதும் உண்மை. கிழக்கு ஐரோப்பாவில் அந்த நாட்டாமை யார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 72 வயதில் ஹல் மாஸ்கோவுக்கே போய், 1943 அக்டோபர் 30-இல் நான்கு நாடுகளின் பிரகடனத்தில் கையெழுத்து வாங்கி வந்தார். அமைதி விரும்பும் எல்லா நாடுகளின் இறையாண்மைச் சமத்துவத்தின் மேல் ஒரு பொது உலக அமைப்பு என்று அதில் எழுதப்பட்டது. ஊர் திரும்பியதும், இனி செல்வாக்கு மண்டலங்களுக்கோ அதிகாரச் சமநிலைக்கோ தேவை இருக்காது என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் பெருமையோடு சொன்னார்.

அதற்குச் சரியாக ஓராண்டுகூட ஆகவில்லை. 1944 அக்டோபர் 9 இரவு, அதே மாஸ்கோ. சர்ச்சில் அரைத்தாள் ஒன்றை எடுத்து எழுதினார்: ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90 சதவீதம், கிரீஸில் பிரிட்டனுக்கு 90, யூகோஸ்லாவியாவும் ஹங்கேரியும் பாதிக்குப் பாதி, பல்கேரியாவில் ரஷ்யாவுக்கு 75. ஸ்டாலின் அதைப் பார்த்தார், நீலப் பென்சிலை எடுத்து ஒரு டிக் போட்டுத் திருப்பித் தள்ளினார். லட்சக்கணக்கானவர்களின் தலையெழுத்தை இவ்வளவு அலட்சியமாக முடித்துவிட்டோம் என்று பிறகு தெரிந்தால் நன்றாக இருக்காதே, எரித்துவிடலாமா என்று சர்ச்சில் கேட்டாராம். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம் ஸ்டாலின். இது சர்ச்சில் சொன்ன கதை. அடுத்த நாள் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஈடனும் மொலோட்டோவும் உட்கார்ந்து ஹங்கேரிக்கு எத்தனை சதவீதம் என்று சந்தைக் கடை மாதிரி பேரம் பேசினார்கள்.

நான்காவது வழி இதுதான்: அமைப்பெல்லாம் வேண்டாம், ஆளுக்கொரு பகுதி. அசிங்கமானது. ஆனால் குறுகிய காலத்தில் இதுதான் வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1944 டிசம்பரில் ஏதென்ஸ் தெருக்களில் பிரிட்டிஷ் படை கிரேக்கக் கம்யூனிஸ்டுகளைச் சுட்டபோது மாஸ்கோ வாயைத் திறக்கவில்லை. இந்தப் பங்கீட்டுக்கான முன்மாதிரியும் ஏற்கெனவே இருந்தது. 1943-இல் இத்தாலி சரணடைந்தபோது அதன் நிர்வாகத்தை அமெரிக்காவும் பிரிட்டனும் தங்கள் கையில் வைத்துக்கொண்டன. சோவியத்துக்குக் கிடைத்தது ஆலோசனைக் குழுவில் ஒரு நாற்காலி. அடுத்த ஆண்டு ருமேனியா சரணடைந்ததும் ஸ்டாலின் அதே நாற்காலியை மேற்கத்தியப் பிரதிநிதிகளுக்குப் போட்டார். நீங்கள் இத்தாலியில் செய்ததுதானே என்றால் என்ன பதில் சொல்ல முடியும்?

இந்த வழியின் ஓட்டை போலந்து. அந்தத் தாளில் போலந்து இல்லவே இல்லை. பிரிட்டன் போரில் இறங்கியதே போலந்துக்காக. ரஷ்யாவுக்கோ போலந்து, படையெடுப்பு வரும் பாதை. இருவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத இடம் வரும்போது சதவீதக் கணக்கு உதவாது. அதோடு, பங்கு பிரிக்கப்பட்ட நாடுகளில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, நான்கில் எதைத் தேர்ந்தெடுத்தார்கள்? எதையும் முழுசாக எடுக்கவில்லை. பன்னாட்டுச் சங்கத்தின் உடலில் போலீஸ்காரர்களின் தலையை வைத்துத் தைத்தார்கள். தையல் போட்ட இடம் வீட்டோ, அதாவது ஒரு பெரிய நாடு மட்டும் எதிர்த்தாலே முடிவைத் தடுத்துவிடும் உரிமை.

அந்தத் தையல் வேலை 1944 ஆகஸ்டில் வாஷிங்டனில் டம்பார்டன் ஓக்ஸ் என்ற மாளிகையில் ஆரம்பித்தது. சோவியத் தரப்பில் வந்தவர் அமெரிக்காவுக்கான அதன் தூதர், 35 வயது குரோமிக்கோ. பெரிய நாடுகளுக்கு வீட்டோ வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அது இல்லாமல் அமெரிக்க செனட்டும் ஒப்புக்கொள்ளாது. சண்டை வேறு: தன் மேலேயே புகார் வந்தால் அந்த நாடு வாக்களிக்கலாமா? ரூஸ்வெல்ட் ஒருநாள் காலையில் குரோமிக்கோவைத் தன் படுக்கையறைக்கே வரவழைத்தார். கணவனும் மனைவியும் சண்டை போட்டால் இருவரும் தங்கள் நியாயத்தைச் சொல்லலாம், தீர்ப்பில் ஓட்டுப் போட முடியாது, எங்கள் வழக்கம் அது என்று விளக்கினார். குரோமிக்கோ மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அசையவில்லை. மாநாடு அந்த இடத்தைக் காலியாக விட்டே கலைந்தது.

யால்டாவில் காலியிடத்தை நிரப்பினார்கள். பாதுகாப்பு கவுன்சிலின் 11 உறுப்பினர்களில் 7 வாக்கு வேண்டும். நடைமுறை விஷயங்களுக்கு யாருடைய 7 வாக்கானாலும் போதும். மற்றவற்றுக்கு நிரந்தர உறுப்பினர்கள் (அந்த நான்கு போலீஸ்காரர்களும் பிரான்ஸும்) அனைவரின் சம்மதமும் வேண்டும். சமரசப் பேச்சுக் கட்டத்தில் மட்டும் சம்பந்தப்பட்ட நாடு வாக்களிக்காமல் ஒதுங்க வேண்டும், நடவடிக்கை என்று வந்தால் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளலாம். வீட்டோ ரஷ்யாவின் பிடிவாதம் மட்டும்தான் என்று ஒரு கதை உண்டு, அது பாதி உண்மை. ஹாங்காங்கைச் சீனா திருப்பிக் கேட்டால் என்ன ஆகும் என்ற உதாரணம் அந்த மேசையிலேயே வந்தது. பிரிட்டனிடம் வீட்டோ இருக்கிறது என்று தெரிந்ததும் சர்ச்சில் நிம்மதியானார்.

1945 ஏப்ரல் 25-இல் சான் பிரான்சிஸ்கோவில் மாநாடு கூடியபோது மற்ற நாடுகளிடம் ஏறக்குறைய தயாரான பண்டத்தைக் காட்டினார்கள். ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் எவட் விடவில்லை. சமரசக் கட்டத்திலாவது வீட்டோ வேண்டாம் என்று திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 10, எதிர்ப்பு 20, ஒதுங்கியவர்கள் 15. வாக்கெடுப்புக்கு முன்னால் அமெரிக்க செனட்டர் டாம் கானலி எழுந்து, ஊருக்குப் போய் வீட்டோவைத் தோற்கடித்தோம் என்று நீங்கள் சொல்லிக்கொள்ளலாம், சாசனத்தைக் கிழித்தோம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். சொல்லிக்கொண்டே கையில் இருந்த வரைவைக் கிழித்து மேசையில் எறிந்தார்.

எவட் போலத் தோற்றவர்களுக்கு ஆறுதலாக ஒன்று கொடுக்கப்பட்டது. பத்தாவது ஆண்டுக் கூட்டத்துக்குள் சாசனத்தை மறுபரிசீலனை செய்ய மாநாடு கூடாவிட்டால், அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்க்க வேண்டும் என்பது 109-ஆம் ஷரத்து. 1955-இல் சொன்னபடி சேர்த்தார்கள். தகுந்த நேரத்தில் மாநாடு கூட்டலாம் என்று பொதுச்சபை தீர்மானம் போட்டது. அந்தத் தகுந்த நேரம் இன்னும் வரவில்லை.

அந்த மாநாட்டில் நம் தரப்பும் இருந்தது, விநோதமான நிலையில். இந்தியாவின் பெயரில் கையெழுத்திட்டவர்கள் ஆற்காடு ராமசாமி முதலியாரும் வி.டி.கிருஷ்ணமாச்சாரியும். டெல்லியில் ஆட்சி வைஸ்ராயுடையது. காங்கிரஸ் தலைவர்கள் பலர் சிறையில். இந்தக் குழு இந்தியாவின் குரல் அல்ல என்று விஜயலட்சுமி பண்டிட் அதே ஊரில் பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். பொருளாதார, சமூக கவுன்சிலின் முதல் தலைவராக 1946-இல் அமர்ந்தவரும் முதலியார்தான். சுதந்திரம் வருவதற்கு முன்பே நாற்காலி வந்துவிட்டது.

இனி மதிப்பெண். முதல் கேள்வியில் இந்த ஒட்டுவேலை அபாரமாகத் தேறியது. பன்னாட்டுச் சங்கத்தை விட்டு வல்லரசுகள் வரிசையாக வெளியேறின. ஐ.நா.வை விட்டு எந்த வல்லரசும் போகவில்லை. போனது இந்தோனேசியா, 1965 ஜனவரியில், அதுவும் அடுத்த ஆண்டே திரும்பி வந்துவிட்டது. 1950-இல் சீனாவின் நாற்காலியைப் புதிய கம்யூனிஸ்ட் அரசுக்குக் கொடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு சோவியத் யூனியன் கவுன்சில் கூட்டங்களுக்கு வராமல் இருந்தது. அந்த இடைவெளியில் கொரியாவுக்குப் படை அனுப்பத் தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஆகஸ்டில் திரும்பி வந்து உட்கார்ந்தவர்கள் அந்தத் தவறை மறுபடி செய்யவில்லை. வீட்டோ இருக்கும்வரை உள்ளே இருப்பதுதான் லாபம். அதுவே அதன் வேலையும்.

இரண்டாவது கேள்வியில் மோசம். 43-ஆம் ஷரத்தின்படி கவுன்சிலுக்கென்று நாடுகள் ஒப்பந்தம் போட்டுத் தர வேண்டிய படை வரவே இல்லை. நால்வரோ ஐவரோ ஒற்றுமையாக இருந்தால்தான் அது வரும், ஒற்றுமை 1947-க்குள் போய்விட்டது. அப்போது தோற்கடிக்கப்பட்ட வட்டார யோசனை பின்வாசல் வழியாக நுழைந்தது. லத்தீன் அமெரிக்க நாடுகள் தங்கள் வட்டார ஏற்பாட்டைக் காப்பாற்றிக்கொள்ள சான் பிரான்சிஸ்கோவில் போராடி வாங்கிய 51-ஆம் ஷரத்து, கூட்டுத் தற்காப்பு உரிமையை அனுமதித்தது. 1949-இல் மேற்கு நாடுகளின் நேட்டோவும் 1955-இல் சோவியத் அணியின் வார்சா ஒப்பந்தமும் அதன் மேல்தான் எழுந்தன. சர்ச்சிலின் மூன்றாவது வழியும் அரைத்தாளில் எழுதிய நான்காவது வழியும் சேர்ந்து பனிப்போராக வந்தன என்று சொன்னால் தவறாகாது.

மூன்றாவது கேள்விக்குப் பதில், எந்த நாட்டில் இருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1971 டிசம்பரில் வங்கதேசப் போர் நடந்தபோது, போர்நிறுத்தம் கோரிய தீர்மானங்களை மாஸ்கோ வீட்டோவால் தடுத்தது. அந்த அவகாசத்தில் டாக்கா விடுதலை ஆனது. அன்று வீட்டோவை அநியாயம் என்று டெல்லியில் யாரும் சொல்லவில்லை. 2022 பிப்ரவரி 25-இல் உக்ரைன் தீர்மானத்துக்கு 11 ஆதரவு கிடைத்தும் ரஷ்யாவின் ஒற்றை எதிர்ப்பில் அது விழுந்தது. இந்தியா ஒதுங்கி நின்றது. இரண்டுமே ஒரே விதியின் விளைவுகள்.

என் கணிப்பில் 1945-இல் எடுத்த முடிவு, இருந்த வழிகளில் சிறந்ததே. வீட்டோ இல்லாத அமைப்பு ஐந்தாண்டுகூடத் தாங்கியிருக்காது. பிழை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு போரில் ஜெயித்தவர்கள் பட்டியலைக் காலவரம்பு இல்லாமல் சாசனத்தில் எழுதினார்கள். அதை மாற்ற அவர்களுடைய சம்மதமே வேண்டும் என்று 108-ஆம் ஷரத்தில் பூட்டும் போட்டார்கள். இதன் விநோதங்களை இன்றும் வாசிக்கலாம். 23-ஆம் ஷரத்தில் நிரந்தர உறுப்பினர் பட்டியலில் சோவியத் யூனியன் என்றுதான் இருக்கிறது. அந்த நாடு 1991-இலேயே இல்லாமல் போனது. 53, 107 ஷரத்துகளில் 'எதிரி நாடுகள்' வருகின்றன. அவை ஜெர்மனியும் ஜப்பானும் அவற்றோடு நின்றவையும். நீக்கிவிடுவோம் என்று 2005 உச்சி மாநாட்டில் உலகத் தலைவர்கள் ஒப்புக்கொண்டும் அந்த வரிகள் அப்படியே கிடக்கின்றன. 15 ஆண்டுக்கு ஒருமுறை நாற்காலிகளைப் புதுப்பிக்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தால், ஸ்டாலினும் ஒப்புக்கொண்டிருக்கலாம். 1945-இல் அவருக்கு வேண்டியது உடனடிப் பாதுகாப்பு. இது என் ஊகம்தான்.

இன்றைய திருத்த யோசனைகளை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஆப்பிரிக்க ஒன்றியம் வீட்டோவுடன் இரண்டு நிரந்தர இடங்கள் கேட்கிறது. அது ரூஸ்வெல்ட்டின் வழியில் போலீஸ்காரர் எண்ணிக்கையைக் கூட்டுவது. இத்தாலியும் பாகிஸ்தானும் இருக்கும் அணி, நிரந்தர இடமே வேண்டாம், தேர்தலில் வரும் இடங்களைக் கூட்டுங்கள் என்கிறது. அது ஜெனிவாவின் பக்கம் சாய்கிறது. வீட்டோ போட்டால் பத்து வேலை நாளுக்குள் பொதுச்சபையில் அதைப் பற்றி விவாதம் நடக்க வேண்டும் என்ற 2022 ஏற்பாடு சிறியது, ஆனால் நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்தியா, ஜெர்மனி, ஜப்பான், பிரேசில் நான்கும் சேர்ந்து 2005-இல் ஒரு வரைவு வைத்தன: நிரந்தர இடம் கொடுங்கள், வீட்டோவை இப்போது பயன்படுத்த மாட்டோம், 15 ஆண்டு கழித்து மறுபரிசீலனையில் பேசிக்கொள்ளலாம். வரைவு வாக்கெடுப்புக்கே வரவில்லை. வந்து ஜெயித்திருந்தால், அந்த மறுபரிசீலனை 1955-இல் நடந்ததுபோல் தகுந்த நேரத்துக்குத் தள்ளிப் போடப்படாமல் இருக்க அந்த நால்வரும் என்ன ஏற்பாடு வைத்திருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.